நாலு மேற்கோள்

எதிரொலி என்ற கருவி வந்த புதிதில் ஆய்வு மையத்தில் எல்லோரும் அதைக் கேலி செய்தார்கள். ஆறு மாதத்தில் கேலி நின்றது. ஒரு வருடத்தில், அதைக் கேட்காமல் யாரும் எந்த ஆய்விலும் கை வைப்பதில்லை என்றாகிவிட்டது.

அது செய்த வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஓர் ஆராய்ச்சியாளர் தான் செய்யப்போகும் ஆய்வின் திட்டத்தை அதற்குள் கொடுக்க வேண்டும். ஆய்வு முடிந்து கட்டுரையாக வெளிவந்த பிறகு, பத்து வருடத்துக்குள் உலகம் முழுவதும் எத்தனை பேர் அதைத் தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்டுவார்கள் என்று எதிரொலி ஒரே ஓர் எண்ணைச் சொல்லும். பழைய ஆய்வுகளை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். அநேகமாக எல்லாமே சரியாக இருந்தது. மதுரைக்கு வெளியே நான்குவழிச் சாலையை ஒட்டியிருந்த அந்தப் பொதுச் சுகாதார ஆய்வு மையத்தின் இயக்குநர் சேஷகிரி, வாசல் கூடத்தில் பெரிய திரை ஒன்றை மாட்டி, ஒவ்வொருவர் பெயருக்கும் நேராக அவரவர் மேற்கோள் எண்ணிக்கை ஓடும்படி செய்தார். காலையில் வருகிறவர்கள் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பதுபோல அங்கே ஒரு நிமிடம் நின்று, தன் எண்ணையும் பக்கத்து அறைக்காரர் எண்ணையும் பார்த்துவிட்டுத்தான் மாடிக்குப் போனார்கள்.

அந்தத் திரையில் மங்கையர்க்கரசியின் பெயர் கடைசியிலிருந்து இரண்டாவதாக இருந்தது. மருத்துவம் படித்துவிட்டு, கிளினிக் வைக்காமல் ஆராய்ச்சிக்கு வந்தவள். முப்பத்தாறு வயது. ஒவ்வொரு வருடமும் ஒப்பந்தத்தை நீட்டித்து நீட்டித்து ஓட்டிக்கொண்டிருந்தாள். இந்த வருடம் நிரந்தரமாக்குவார்கள் அல்லது அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு.

அந்த வருடம் அவள் எதிரொலிக்கு இரண்டு திட்டங்களைக் கொடுத்தாள்.

முதலாவது, பூப் பறிக்கும் பெண்களைப் பற்றியது. நிலக்கோட்டையைத் தாண்டி உள்ளே போனால் செங்குளத்துப்பட்டி. ஊரைச் சுற்றி மல்லிகைத் தோட்டம். அங்கே ஒரு மருத்துவ முகாமுக்குப் போயிருந்தபோது ராக்கம்மா என்ற பெண் அவள் முன்னால் வந்து உட்கார்ந்து இரண்டு கைகளையும் மேசைமேல் நீட்டினாள்.

"டாக்டரம்மா, இந்த விரலக் கிள்ளுங்க."

மங்கை மெல்லக் கிள்ளினாள்.

"நல்லா நகம் படக் கிள்ளுங்க. பயப்படாதீக."

கிள்ளினாள். ராக்கம்மாவின் முகத்தில் ஓர் அசைவும் இல்லை.

"பாத்தீகளா? யாரோ யாரையோ கிள்ளுற மாதிரி இருக்கு. மொட்டு எது, எல எதுன்னு கைக்குத் தெரிய மாட்டேங்குது. கண்ணால பாத்துப் பாத்துப் பறிக்க வேண்டியிருக்கு. விடியுமுன்ன என்னத்தப் பாக்குறது?"

அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்ற பெண்களில் பாதிப்பேர் அதையே சொன்னார்கள்.

மங்கையோடு களப்பணிக்கு வந்தவர் அபுதாகிர். கம்பத்துக்காரர், புள்ளியியல் படித்தவர், அவளைவிட இரண்டு வயது இளையவர். முகாம் முடிவதற்குள் தோட்டத்தைச் சுற்றி வந்துவிட்டார். மொட்டுகள் லாரியில் போகும் வழியில் மலர்ந்துவிடாமல் இருக்க, வியாபாரிகள் கொஞ்ச நாளாக ஒரு மருந்தைக் கொடுத்துத் தெளிக்கச் சொல்லியிருந்தார்கள். பெண்கள் அதைச் செடியிலேயே மொட்டுமேல் தெளித்து, ஈரத்தோடு வெறுங்கையால் பறித்தார்கள். 'மொட்டு மருந்து' என்றுதான் அதற்குப் பெயர்.

"எனக்கு இதுமேலதான் சந்தேகம் மேடம்," என்றார் அபுதாகிர். "பக்கத்து ஊர்ல இன்னும் இந்த மருந்து வரல. அங்கயும் பூப் பறிக்கிறாங்க, யாருக்கும் கை மரத்துப் போகல. ரெண்டு ஊரையும் ஒப்பிட்டு, ரத்தமும் நரம்பும் சோதிச்சுப் பாத்தா ஒரே வருஷத்துல தெரிஞ்சிரும்."

இரண்டாவது திட்டம், ஐந்து பெருநகரங்களில் மக்கள் கட்டியிருக்கும் கைக்கடிகாரங்களிலிருந்து தூக்கக் கணக்கை எடுத்து இதய நோயோடு பொருத்திப் பார்ப்பது. நாற்காலியைவிட்டு எழுந்திருக்க வேண்டாத வேலை. ஒப்புக்குத்தான் அதைச் சேர்த்திருந்தாள்.

தூக்க ஆய்வுக்கு எதிரொலி ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்றது. பூப் பறிக்கும் பெண்களின் ஆய்வுக்கு நாலு என்றது.

நாலு. ஏதோ கோளாறு என்று நினைத்து, தலைப்பை மாற்றி மறுபடியும் கொடுத்தாள். மறுபடியும் நாலு.

சேஷகிரி சிரிக்கவில்லை, அவ்வளவு மோசமானவர் இல்லை. "உட்காருங்க மங்கை," என்றார். "ஆஸ்பத்திரியில ஃபேன் சத்தம் எவ்வளவு இருக்குன்னு ஒருத்தர் திட்டம் கொடுத்தார். அதுக்கே முப்பது வந்துச்சு. நாலு நான் பாத்ததே இல்ல."

"சார், அங்க நிஜமாவே ஏதோ நடக்குது. அந்தப் பொம்பளைங்க கைய நான் தொட்டுப் பாத்தேன்."

"நடக்கலன்னு நான் சொல்லல. ஆனா உங்கள நிரந்தரமாக்கணும்னா நான் மேல என்ன எழுதறது? ஒரு வருஷ உழைப்பு, நாலு மேற்கோள்னா? ஒப்பந்தத்தக்கூட நீட்டிக்க மாட்டாங்க. முதல்ல தூக்கத்த முடிங்க. உங்க இடம் உறுதியாகட்டும். அப்புறம் எந்த ஊருக்கு வேணும்னாலும் போங்க, நானே ஜீப் தரேன்."

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. பிற்பாடு அவளை அதிகம் உறுத்தியதும் அந்த நியாயம்தான்.

வராந்தாவில் அபுதாகிர் காத்திருந்தார். விஷயத்தைச் சொன்னாள்.

"நாலு பேர் படிப்பாங்கன்னா நாலு பேர் படிக்கட்டுமே மேடம். அந்த நாலு பேர்ல ஒருத்தர் கலெக்டரா இருந்தா போதாதா?"

"கலெக்டர் கட்டுரை படிக்க மாட்டார் அபு."

"நாம கொண்டுபோய்க் கொடுப்போம்."

"நாம அப்ப இங்க இருக்கணுமே." சொன்ன பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "அடுத்த வருஷம் கண்டிப்பா செய்யலாம். ஒரு வருஷம்தானே."

அபுதாகிர் திட்டக் காகிதங்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஆய்வு இல்லை என்று செங்குளத்துப்பட்டிக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. ரத்தம் எடுக்கக் குறித்திருந்த காலையில் மங்கை தானே போனாள். நேரில் சொல்வதுதான் மரியாதை என்று நினைத்தாள். ஊர்ப் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு யாரும் பூவெடுக்கப் போகவில்லை.

"வெறும் வயித்தோட வரச் சொன்னீக. ஒரு வாய்க் காப்பித்தண்ணிகூடக் குடிக்கல," என்றாள் ராக்கம்மா. "எம் மூத்தவளையும் கூட்டியாந்திருக்கேன். அவளுக்கும் இப்ப கட்ட விரல் மரக்குதாம்."

மங்கை சொன்னாள். என்ன சொன்னாள் என்பது அவளுக்கே பிறகு சரியாக நினைவில்லை. நிர்வாகக் காரணம், அனுமதி, அடுத்த வருடம் என்ற வார்த்தைகள் வந்தன. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ராக்கம்மா முழுவதும் கேட்டாள்.

"சரிங்க. அதுவரைக்கும் அந்த மருந்தத் தெளிக்கலாமா, வேணாமா? அத மட்டும் சொல்லிட்டுப் போங்க."

"அது... ஆய்வு செய்யாம என்னால உறுதியா சொல்ல முடியாதுங்க. வியாபாரிங்க கேட்டா ஆதாரம் வேணும். கையுறை போட்டுக்கிட்டு..."

யாரோ சிரித்துவிட்டார்கள். கையுறை போட்ட கையால் மல்லிகை மொட்டைப் பறிக்க முடியாது.

"செய்யவும் மாட்டீக, சொல்லவும் மாட்டீக," என்றாள் ராக்கம்மா. வெடுக்கென்று சொல்லவில்லை, கணக்குச் சரியா என்று பார்ப்பதுபோலச் சொன்னாள். பிறகு மற்றவர்களைப் பார்த்து, "எந்திரிங்கடி, போய்க் கஞ்சியக் குடிங்க," என்றாள்.

ஜீப் கிளம்பும்போது அபுதாகிர் ஏறவில்லை. பஸ்ஸில் வந்துகொள்கிறேன் என்றார். சில வாரங்கள் விடுப்பு எடுத்துக்கொண்டு தனியாக ஏதோ முயன்றார். பரிசோதனைக்கூடம் இல்லாமல், யாருடைய கையெழுத்தும் இல்லாமல் ஒருவர் என்ன செய்துவிட முடியும்? அந்தக் கோடையில் வேலையை ராஜினாமா செய்துவிட்டுக் கம்பத்துக்கே போய்விட்டார்.

தூக்க ஆய்வு வெளிவந்தது. எதிரொலி சொன்னதைவிட அதிகமாகவே மேற்கோள்கள் வந்தன. மங்கை நிரந்தரமானாள். அடுத்த வருடம் அதன் தொடர்ச்சியாக இன்னோர் ஆய்வு, அதற்கடுத்த வருடம் வெளிநாட்டுக் குழுவோடு ஒன்று. செங்குளத்துப்பட்டியை அவள் மறக்கவில்லை. ஒவ்வொரு வருடமும் தை மாதத்தில் அந்தத் திட்டத்தைத் திறந்து பார்ப்பாள். கைவசம் இருக்கும் வேலையை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று மூடிவிடுவாள். பிறகு தை மாதத்திலும் திறக்கவில்லை.

அவள் மட்டுமல்ல. பாம்புக்கடி பற்றி எழுதிக்கொண்டிருந்தவர் உடற்பயிற்சிக்கு மாறினார். மலைக்கிராமங்களில் பிரசவங்களை ஆராய்ந்துகொண்டிருந்த பெண்மணி, நகரத்துக் குழந்தைகளின் கைபேசிப் பழக்கத்துக்கு மாறினார். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. எண் வந்தது, அவ்வளவுதான்.

மொட்டு மருந்து மல்லிகையோடு நிற்கவில்லை. பூ மலராமல் நிறுத்துவது பழம் உதிராமலும் நிறுத்தும் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். வேறு வேறு பெயர்களில், வேறு வேறு டப்பாக்களில் அது திராட்சைக்குப் போனது, தக்காளிக்குப் போனது, கடல் தாண்டியும் போனது. முதலில் கை மரத்தது, பிறகு விரல்கள் மடங்கிக்கொண்டன. அடுப்பில் கை வெந்தும் தெரியாமல் சமைத்துக்கொண்டிருந்த பெண்களின் படங்கள் செய்திகளில் வந்தன. கடைசியில் எங்கோ ஒரு நாட்டில் ஒரு குழு காரணத்தைக் கண்டுபிடித்தது. மருந்துக்குத் தடை வந்தது. ஆனால் செத்த நரம்பு திரும்ப முளைப்பதில்லை.

அப்போதுதான் மங்கை தன் பெரிய கட்டுரையை எழுதினாள். கை மரப்பு நோய் ஆறு நாடுகளில் எத்தனை பேரை, எந்த வயதில், எந்தத் தொழிலில் தாக்கியது, அதனால் அவர்கள் குடும்பங்களுக்கு என்ன ஆயிற்று என்று திரட்டிச் சொன்ன கட்டுரை. எதிரொலி அதற்கு ஒன்பதாயிரம் என்றது. அந்த எண்ணைப் பார்த்தபோது ஒரு கணம் அவளுக்குள் எழுந்தது சந்தோஷம்தான். அதைப் பிறகு அவள் யாரிடமும் சொன்னதில்லை.

கட்டுரையின் முன்னுரையில், இந்நோய் முதன்முதலில் தென் தமிழ்நாட்டு மல்லிகைத் தோட்டங்களில் தோன்றியிருக்கலாம் என்று ஒரு வரி எழுதினாள். பத்திரிகை ஆசிரியர் அந்த வரியைத் திருப்பி அனுப்பினார். ஆதாரமாக ஒரு கட்டுரையைக் காட்டச் சொன்னார். காட்டுவதற்குக் கட்டுரை இல்லை. அந்த வரியை அவள் எடுத்துவிட்டாள்.

கட்டுரை பத்தாயிரத்தைத் தாண்டியது. நாட்டிலேயே அதிகம் மேற்கோள் காட்டப்படும் பொதுச் சுகாதார ஆராய்ச்சியாளர் என்று சென்னையில் அவளுக்கு விருது கொடுத்தார்கள். விழா முடிந்து சாப்பாட்டுக் கூடத்தில் அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் எழுபதை நெருங்கும் ஒரு பெரியவர். ஒல்லியாக, நரைத்த மீசையோடு இருந்தார். பெயர் விக்டர் தேவசகாயம் என்றும், எதிரொலியை உருவாக்கிய குழுவுக்குத் தலைவராக இருந்தவர் என்றும் அறிமுகம் செய்துவைத்தார்கள்.

"உங்க கருவி எனக்கு ஒரு தடவை நாலு கொடுத்துச்சு சார்," என்றாள் மங்கை சிரித்துக்கொண்டே. விருது வாங்கிய நாளில் சொல்ல நல்ல நகைச்சுவையாக அது தோன்றியது.

"நாலா? எதுக்கு?"

"மல்லிகைப் பூப் பறிக்கிறவங்களுக்குக் கை மரத்துப் போறதப் பத்தி. இந்த நோய்தான். ரொம்ப வருஷம் முன்னாடி, ஆரம்பத்துல."

விக்டர் கையிலிருந்த பாயசக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "அந்த ஆய்வ செஞ்சீங்களா?"

"இல்ல சார். நாலுக்கு யார் செய்வாங்க?"

அவர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, "நாளைக்குக் காலையில தாம்பரத்துல என் வீட்டுக்கு வர முடியுமா டாக்டர்? ஆலோசகர்ங்கிற பேர்ல பழைய பதிவுகளப் பாக்க எனக்கு இன்னும் அனுமதி இருக்கு," என்றார்.

அவள் போனாள். விக்டர் தனியாகத்தான் இருந்தார். காப்பி போட்டுக் கொடுத்துவிட்டுக் கணினியின் முன்னால் உட்கார்ந்தார். உடனே திறந்துவிடவில்லை.

"எல்லாரும் அது எண்ணுதுன்னு நினைக்கிறாங்க," என்றார். "எண்ணறதுக்கு முன்னாடி அது எழுதுது."

"என்ன எழுதுது?"

"எல்லாத்தையும். உங்க திட்டத்த வாங்கிக்கும். அந்த ஆய்வு நடந்தா என்ன முடிவு வரும்னு ஊகிச்சு, உங்க கட்டுரைய முழுசா எழுதும். அத யார் படிப்பாங்க, படிச்சிட்டு என்ன செய்வாங்கன்னு ஊகிச்சு, அவங்க கட்டுரைகளையும் எழுதும். அரசாங்க அறிக்கைய எழுதும். இப்படிப் பத்து வருஷத்தையும் எழுதி முடிச்சிட்டுத்தான் உங்க பேரு எத்தன இடத்துல வருதுன்னு எண்ணும்."

"அந்தப் பக்கங்கள நாங்க பார்த்ததே இல்லையே."

"ஆரம்பத்துல காட்டினோம். ஒரு இயக்குநர்கூட ரெண்டு பக்கம் தாண்டல. எண்ண மட்டும் கொடுங்கன்னாங்க. கொடுத்தோம். நல்லா வித்துது." விக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுல எனக்கும் ஒரு வீடு வந்துச்சு. இந்த வீடு."

பிறகு பழைய பதிவைத் திறந்தார். திரையில் அவளுடைய கட்டுரை இருந்தது. அவள் எழுதாத கட்டுரை. மொட்டு மருந்துதான் காரணம் என்று அதன் மூன்றாவது வரி சொன்னது.

"அப்போ கருவிக்குக் காரணம் தெரிஞ்சிருந்ததா?" மங்கையின் குரல் உயர்ந்தது. "அன்னிக்கே?"

"தெரியும்னு சொல்ல முடியாது. அந்த மருந்துல என்ன இருக்குன்னு அதுக்குத் தெரியும், நரம்புக்கு என்ன ஆகும்னு தெரியும். சேத்து ஊகிச்சது. எண்ணறதுக்காக ஊகிச்சது. எண்ணி முடிச்சதும் அதோட வேலை முடிஞ்சிருச்சு."

நாலு மேற்கோள்களையும் அவர் ஒவ்வொன்றாகக் காட்டினார். முதலாவது, ஒரு பரிசோதனைக்கூடம் அவள் முடிவைச் சரிபார்த்து எழுதியது. இரண்டாவது, அந்த மருந்தை உடனே நிறுத்த வேண்டும் என்று சொன்ன அரசுக் குழுவின் அறிக்கை. மூன்றாவது, சீக்கிரமே மருந்தை விட்டவர்களுக்கு விரலில் உணர்ச்சி திரும்பியது என்று ஒரு மருத்துவமனை எழுதிய சின்னக் குறிப்பு. நாலாவது, இரண்டு வருடம் கழித்துச் செங்குளத்துப்பட்டிக்குத் திரும்பிப் போய்ப் பார்த்த ஒருவரின் கட்டுரை. ஊரில் புதிதாக ஒருவருக்கும் இல்லை என்று அது சொன்னது. எழுதியவர் பெயர் அபுதாகிர்.

"அதுக்கப்புறம்?" என்றாள் மங்கை.

"அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல."

"ஏன்?"

"எழுத என்ன இருக்கு டாக்டர்? நோயே இல்லையே."

வெளியே காய்கறி வண்டிக்காரரின் ஒலிபெருக்கி தக்காளி, வெங்காயம் என்று கூவிக்கொண்டு தெருவைக் கடந்து போனது.

"என்னோட பெரிய கட்டுரைக்குப் பத்தாயிரம்," என்றாள் அவள். "அத்தன பேருக்குக் கை போனதால பத்தாயிரம்."

விக்டர் திரையிலிருந்த பக்கத்தை மூடினார்.

"குறைஞ்ச எண் வந்தது எல்லாமே இப்படித்தானா சார்?"

"இல்ல. முக்காவாசி குப்பைதான். அதையும் நான் ஒளிக்கக் கூடாது. யாருக்கும் வேண்டாத கட்டுரைக்கும் நாலு வரும். யாருக்கும் இனிமே தேவைப்படாத கட்டுரைக்கும் நாலு வரும். கருவிக்கு ரெண்டும் ஒண்ணுதான். எது எதுன்னு பக்கத்தப் படிச்சாத்தான் தெரியும்."

சில வருடங்களாக ஆய்வுகளுக்கு நிதி ஒதுக்கும் குழுவுக்கு அவள்தான் தலைவி. ஐம்பதுக்குக் கீழே எண் வந்த திட்டங்களைக் குழு பிரித்துப் பார்ப்பதில்லை. நேரம் மிச்சமாகும் என்று அந்த விதியைக் கொண்டுவந்தவள் அவள்தான்.

நாலாவது கட்டுரையை விக்டர் அவள் கைபேசிக்கு அனுப்பிவைத்தார். மதுரைக்குத் திரும்பும் ரயிலில் அதைத் திறந்தாள். தலைப்பையும் கீழே இருந்த பெயரையும் தாண்டிப் போக முடியாமல் மூடிவிட்டாள்.

அடுத்த குழுக் கூட்டத்தில், இனிமேல் எண்ணோடு அந்தப் பக்கங்களையும் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும், முன்பு தள்ளிவிட்டவற்றையும் மறுபடி பார்க்க வேண்டும் என்று சொன்னாள். உறுப்பினர்கள் மரியாதையாகக் கேட்டார்கள். "படிக்க யாருக்கு மேடம் நேரம் இருக்கு?" என்று ஒருவர் உண்மையான வருத்தத்தோடு கேட்டார். பரிசீலிப்பதாகக் குறித்துக்கொண்டார்கள். குழுவைத் திருத்தி அமைத்தபோது அவள் பெயர் அதில் இல்லை.

அதன் பிறகு ஒருநாள் அவள் கம்பத்துக்குப் பஸ் ஏறினாள்.

அபுதாகிரின் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. ஊருக்குள் திராட்சைக்காரர் வீடு என்றால் தெரிந்தது. கதவைத் திறந்தது அவர் மனைவி மைமூன். மங்கை தன் பெயரைச் சொன்னதும், "அட, நீங்களா! அடிக்கடி சொல்லுவாக," என்று உள்ளே அழைத்துக்கொண்டு போனாள்.

அபுதாகிர் கைலியும் பொத்தான் இல்லாத ஜிப்பாவுமாக ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். தலை முழுவதும் நரைத்திருந்தது. அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து எழுந்தார். ஆனால் கும்பிடுவதற்குக் கையைத் தூக்கவில்லை. விரல்கள் இரண்டு கைகளிலும் உள்ளங்கையை நோக்கி மடங்கிக் கிடந்தன.

மங்கை நின்ற இடத்திலேயே நின்றாள்.

"உக்காருங்க மேடம். ஒண்ணுமில்ல, பழகிருச்சு," என்றார் அவர். "சட்டைப் பொத்தான் போடத்தான் தினமும் இவகூட சண்டை. அதான் ஜிப்பாவுக்கு மாறிட்டேன்."

"எப்படி அபு? நீங்கதானே முதல்ல சந்தேகப்பட்டீங்க?"

"அத்தா மவுத்தாயி அடக்கம் பண்ணதுக்கு அப்புறம் அவரோட திராட்சைத் தோட்டத்த நான்தான் பாத்தேன். பழம் உதிராம இருக்க ஒரு மருந்து வந்துச்சு. வேற பேரு, பச்ச டப்பா. பூவும் பழமும் ஒண்ணாகுமான்னு எனக்குத் தோணவே இல்ல. நானே கலந்து நானே தெளிச்சேன்." மைமூனைக் காட்டிச் சிரித்தார். "நல்லவேளை, இவள தோட்டத்துக்குள்ள விடல."

மைமூன் டீ கொண்டுவந்தாள். டம்ளரைத் தன் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, அவர் வாயருகே பிடித்துக் குடிக்கவைத்தாள். மங்கை தன் டம்ளரை எடுக்கவில்லை.

"ராக்கம்மா?" என்று கேட்டாள்.

"போன வருஷம் தவறிட்டாங்க. மகளுக்கும் கை போச்சு. தடை வர்ற வரைக்கும் அந்தப் பொண்ணு பூதான் எடுத்துச்சு. வேற என்ன பண்ணும்?" கொஞ்சம் பொறுத்து அவர் தொடர்ந்தார். "நீங்க அத நினைச்சு மனசப் போட்டு வருத்திக்காதீங்க மேடம். ஆரம்பத்துல எனக்கும் உங்கமேல கோவம்தான், பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் யோசிச்சேன். நாம செஞ்சிருந்தாலும் என்ன ஆயிருக்கும்? நாலு பேர்தானே படிச்சிருப்பாங்க. எப்படியும் நடக்கறது நடந்திருக்கும். அத நினைச்சாத்தான் எனக்குச் சோறு இறங்குது."

வருகிற வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டு வந்தவள் அவள். இப்போது ஆரம்பிக்காமலே எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. அதுதான் கருணை என்றுகூடத் தோன்றியது. ஆனால் அந்தப் பெண்களிடமும் ஒருநாள் இப்படித்தான் உண்மையைச் சொல்லாமல் கிளம்பினோம் என்ற நினைவு வந்து அவளைப் பிடித்து உட்காரவைத்தது.

சொன்னாள். விக்டர் சொன்ன எதையும் விடாமல், நாலு மேற்கோள் ஏன் நாலு என்பதைச் சொன்னாள். மைமூன் வாசல்படியில் நின்றுகொண்டு கேட்டாள். அபுதாகிர் தன் மடங்கிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அந்த நாலாவது கட்டுரை," என்றார் கடைசியில். "அது இருக்கா உங்ககிட்ட?"

"இருக்கு."

"வாசிங்க."

"எனக்கும் புரியற மாதிரி தமிழ்ல சொல்லுங்களேன்," என்றாள் மைமூன்.

ஆங்கிலத்தில் இருந்ததை மங்கை தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தாள். அவளும் அதை அப்போதுதான் முழுதாகப் படித்தாள். செங்குளத்துப்பட்டியில் இரண்டு வருடம் கழித்து வீடு வீடாகப் போய் விரல்களைச் சோதித்ததாகக் கட்டுரை சொன்னது. விடியுமுன் இருட்டில் பெண்கள் கண்ணால் பார்க்காமல் கையாலேயே மொட்டைத் தேடிப் பறித்தார்கள் என்றது. அபுதாகிர் ஓரிடத்தில் தலையை ஆட்டினார். "நான்தான் இப்படி எழுதுவேன். வேண்டாத இடத்துல கதை சொல்லுவேன். நீங்க அடிச்சு அடிச்சுத் திருத்துவீங்க."

கடைசிப் பத்திக்கு வந்து மங்கை நிறுத்தினாள்.

"முடிஞ்சிருச்சா?" என்றார் அவர். "நன்றி எழுதலியா? நான் நன்றி எழுதாம முடிக்க மாட்டேனே."

"எழுதியிருக்கீங்க."

"யாருக்கு?"

"வேலையை விட்டுவிட்டு வந்து ரத்தம் கொடுத்த செங்குளத்துப்பட்டிப் பெண்களுக்கும், அவர்களைத் திரட்டிய ராக்கம்மாவுக்கும் என் நன்றி," என்று வாசித்தாள்.

"அவ்வளவுதானா?"

"இன்னொரு வரி இருக்கு அபு."

அவர் காத்திருந்தார். மங்கை கைபேசியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"இந்த ஆய்வால் எந்தப் பெயரும் கிடைக்காது என்று தெரிந்தும் இதைக் கைவிடாமல் நடத்தி, அதற்காகத் தன் வேலையையும் இழந்த டாக்டர் மங்கையர்க்கரசிக்கு நான் மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன்."

மைமூன் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அபுதாகிர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பந்தல் கால்கள் மட்டும் வரிசையாக நின்ற வெற்றுத் தோட்டத்தில் யாரோ மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள்.

"அந்த மேடத்துகிட்ட நான் வேலை பாத்திருக்கணும்," என்றார். அவர் குரலில் கோபம் எதுவும் இல்லை.

"அவங்களப் பாக்கணும்னு எனக்கும் ஆசையாத்தான் இருக்கு அபு," என்றாள் மங்கை.